தட்டினால் நிற்கும் சம்மட்டி

மார்ச் 3, செவ்வாய்

வாயால் திட்டுவதைக் குறைத்துக்கொள், திட்ட வேண்டும் என்று தோன்றினால் இதில் எழுது என்று சொல்லி, போன மாசம் வந்திருந்த மகள் முப்பிடாதி இந்த டைரியை என் கையில் திணித்துவிட்டுத் திருப்பூருக்குப் பஸ் ஏறினாள். சிமெண்ட் கடையில் சும்மா கொடுத்தது. சரி, எழுதுகிறேன். எழுத விஷயத்துக்கா பஞ்சம்?

முதல் திட்டு என் வீட்டுக்காரருக்கு. பிரமநாயகம் ஆசாரி என்றால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் அரிவாள் வாங்குகிற எல்லாருக்கும் தெரியும். பட்டறையில் இவர் குறட்டில் இரும்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் எதிரில் சம்மட்டியோடு நிற்பேன். இவர் கையிலுள்ள சின்னச் சுத்தியல் இரும்பில் எந்த இடத்தைத் தொடுகிறதோ அந்த இடத்தில் என் சம்மட்டி விழ வேண்டும். போதும் என்றால் இரும்பை விட்டுவிட்டு வெறும் பட்டறைக்கல்லில் டிங் டிங்கென்று தட்டுவார். நான் நிறுத்திவிடுவேன். அதன் பிறகுதான் இவர் கையை முன்னால் கொண்டுவந்து இரும்பைத் திருப்புவார். எங்களில் ஆசாரி வீட்டுக்கு வாழ வருகிறவள் சம்மட்டி பிடிப்பாள். குறட்டுப் பக்கம் ஆம்பிளைகளுக்கு. நான் வந்த வருஷத்திலிருந்து இப்படித்தான் நடக்கிறது, வாய்ப்பேச்சுக்கே வேலையில்லை.

இப்போது இந்த மனுஷன் சுத்தியலுக்குப் புதுப் பிடி போட்டிருக்கிறார். அன்றிலிருந்து அதன் ஓசையே செத்துவிட்டது. மண்ணாங்கட்டியில் தட்டுவதுபோல் இருக்கிறது. தட்டினாரா இல்லையா என்றே தெரியாமல் நான் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்க, "நிறுத்துளா" என்று ஒரு கத்து. கத்தி சாணை பிடிக்க வந்த ஆள் முன்னாலேயே. ஒழுங்காகத் தட்டினால் நிறுத்தப் போகிறேன். கத்துவானேன்?

சாயந்தரம் வாழைத்தோட்டக்காரர் கொம்பையா வெற்றிலை பாக்கோடு வந்தார். வைகாசி முதல் வெள்ளிக்கிழமை சுடலைமாடனுக்குக் கொடைத் திருவிழா. அவர் நேர்ச்சையாக ஆள் உயர அரிவாள் ஒன்று வைக்க வேண்டுமாம். சாமி அரிவாளுக்கு வெற்றிலை வாங்கிவிட்டால் அப்புறம் முடியாது என்று சொல்லக் கூடாது. வெற்றிலையைத் திருப்பிக் கொடுத்த பட்டறையில் பிறகு எவனும் சாமி காரியத்துக்கு வந்து நிற்க மாட்டான். இவர் யோசிக்காமல் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்.

மார்ச் 5, வியாழன்

பருப்பு தீய்ந்து குக்கர் கரியாகிவிட்டது. புதுக் குக்கர். விசிலே அடிப்பதில்லை. கடைக்குக் கொண்டுபோய் நாலு வார்த்தை கேட்டேன். கடைக்காரர் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்துக் காட்டினார். வெயிட் ஆடியது, ஆவி மேலே போனது. "நல்லாத்தான அடிக்கு" என்கிறார். ஆடினால் அடித்ததாகிவிடுமா? கடையில் நின்ற இரண்டு பொம்பிளைகள் அவருக்கு ஒத்து ஊதுவதற்காகக் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு சாமானை விற்க எப்படியெல்லாம் நடிக்கிறார்கள்.

மார்ச் 6, வெள்ளி

சேவல் கூவுவதை நிறுத்திவிட்டது. தின்பதில் மட்டும் குறைவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

முப்பிடாதி போன் பண்ணினாள். வாயில் இட்லியை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி பேசுகிறாள். நல்லா பேசுடி என்றால் அழுகிற மாதிரி ஏதோ சொல்கிறாள். போனில் கோளாறு, வேறு வாங்க வேண்டும் என்று இவரிடம் கொடுத்தேன். இவர் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனவர் அரைமணி நேரம் பேசினார். அப்பாவுக்கும் மகளுக்கும் மட்டும் அதே போன் எப்படித்தான் வேலை செய்கிறதோ. என்ன பேசினீர்கள் என்று கேட்டதற்கு, "சும்மாதான், அங்கன மழயாம்" என்றார். மார்ச் மாசத்தில் திருப்பூரில் மழையா?

மார்ச் 12, வியாழன்

இவருக்கு என்னவோ ஆகிவிட்டது. பட்டறையில் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டுகிறார். சுத்தியலால் தட்டுவதோடு நிற்காமல் அதைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுகிறார். கூத்தில் ராஜா வேஷம் கட்டினவன்கூட இப்படி ஆட மாட்டான். நான் இரும்பைப் பார்த்து அடிப்பேனா, இவர் மூஞ்சியைப் பார்த்து அடிப்பேனா? சிவந்த இரும்பில் கண் வைத்திருக்கிறவளை நிமிர்ந்து பார் நிமிர்ந்து பார் என்றால் அடி எங்கே போய் விழும்? இன்றைக்கு ஒரு வெட்டரிவாள் முதுகு கோணிக்கொண்டது. அதற்கும் நான்தான் காரணம் போல ஒரு பெருமூச்சு விட்டார்.

பக்கத்து டீக்கடை சொர்ணத்துக்கும் பேச்சு குழறுகிறது. பல் கட்டிவிட்டு வந்ததிலிருந்து இப்படித்தான். அவளிடமே சொல்லிவிட்டேன், பல் டாக்டரை மாற்று என்று. அவள் என்னைப் பார்த்துவிட்டு இவரைப் பார்த்தாள். இவர் தரையைப் பார்த்தார்.

மார்ச் 14, சனி

உலைக்குக் காற்று அடிக்கிற மோட்டாரை நேற்று நிறுத்தாமல் வீட்டுக்கு வந்திருக்கிறோம். கரி முழுக்க வெந்து சாம்பல். கரி என்ன மரத்திலா காய்க்கிறது? வாய்க்கு வந்தபடி இவரைக் கேட்டேன். "சரி, நாந்தான் மறந்துட்டேன்" என்றார்.

பட்டறையைப் பூட்டினது நான்தான். ஆனால் பூட்டும்போது மோட்டார் ஓடவில்லை. ஓடியிருந்தால் சத்தம் கேட்டிருக்காதா?

மார்ச் 17, செவ்வாய்

இன்றைக்கு வந்த ஆத்திரத்தில் சோறு இறங்கவில்லை.

சாமி அரிவாள் வேலை நாளை மறுநாள் தொடங்க வேண்டும். காலையில் இவர் தலையைச் சொறிந்துகொண்டே, சொர்ணத்தின் தம்பி மாசானம் லாரி லோடு வேலைக்குப் போகாமல் சும்மா இருக்கிறான், இந்த ஒரு அரிவாளுக்கு மட்டும் அவனைச் சம்மட்டிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அதையும் எனக்கு நேரே வந்து நின்று, ஒவ்வொரு வார்த்தையாக, சின்னப்பிள்ளைக்குச் சொல்வது மாதிரி.

நான் என்ன குறை வைத்தேன்? முப்பிடாதி வயிற்றில் ஏழு மாசம் ஆகும் வரை சம்மட்டி போட்டவள். பெற்று எழுந்து வந்து மறுபடியும் போட்டவள். பனையேறிகளின் பாளை அரிவாளிலிருந்து வாழை வெட்டுகிற கத்தி வரை இந்தப் பட்டறையிலிருந்து போன எல்லாவற்றிலும் என் அடி இருக்கிறது. சம்மட்டி என் கையில் இருந்தால்தான் நான் உலகம்மாள். அதை வாங்கிவிட்டால் இந்த வீட்டில் பருப்பைத் தீய்க்கிற ஒருத்தி, அவ்வளவுதான்.

மாசானம் இந்தப் பட்டறைக்குள் கால் வைத்தால் நான் மகள் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டேன். இவர் ஒன்றும் பேசவில்லை. பேசினாரோ என்னவோ, உதடு அசைந்தது. வாய்க்குள்ளே முனகுகிறவரோடு எப்படிக் குடும்பம் நடத்துவது?

மார்ச் 19, வியாழன்

இவர் ஆஸ்பத்திரியில்.

சாமி அரிவாளின் கழுத்தை அடித்துக்கொண்டிருந்தோம். நல்ல சூடு. அடி ஒழுங்காக விழுந்துகொண்டிருந்தது. இவர் தட்டவில்லை. பேச்சியம்மன் சத்தியமாகத் தட்டவில்லை. தட்டாமலே இடது கையை முன்னால் கொண்டுவந்துவிட்டார். சம்மட்டி இறங்கிவிட்டது. இரும்பில் விழ வேண்டியது குறட்டில் விழுந்தது. குறட்டின் இரண்டு காலுக்கும் நடுவில் இவர் கட்டைவிரல்.

கத்தவில்லை. விரலைக்கூடப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார். ஏன் அப்படிப் பார்த்தார் என்று தெரியவில்லை.

மார்ச் 20, வெள்ளி

எலும்பு நொறுங்கியிருக்கிறது. கம்பி வைத்து மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். எப்படி நடந்தது என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே இவர் பதில் சொன்னார். வழக்கத்துக்கு மாறாக நல்ல சத்தமாக, ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் கேட்கும்படி. "நாந்தான் தட்ட மறந்துட்டேன் டாக்டர். அவ மேல ஒரு தப்பும் கெடயாது."

கேட்டீர்களா? அவர் வாயாலேயே வந்துவிட்டது. இத்தனை வருஷம் தொழில் பார்த்த ஆள் தட்ட மறப்பாரா? தலையாட்டுவதிலும் சுத்தியலைத் தூக்கி ஆட்டுவதிலும் புத்தி போனால் தட்டுகிற வேலை மறந்துதானே போகும்.

ஆனாலும் அந்த விரலைப் பார்க்க முடியவில்லை. குளிக்கிற இடத்தில் போய் நின்று அழுதேன்.

மார்ச் 25, புதன்

விசாரிக்க வருகிறவர்களுக்கு டீ போட்டு மாளவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள், நான்தான் விரலை நசுக்கினவள் என்று. அதனால் ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்கிறேன். இவர் எப்படி மறந்தார், எப்படிக் கையை நீட்டினார் என்று. இவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆமாம் ஆமாம் என்கிறார். கொம்பையா வந்தபோதும் அப்படித்தான். "வயசாகுதுல்லா, புத்தி பெசகிட்டு" என்று சிரிக்கிறார். சிரிப்பு வேறு.

ஏப்ரல் 1, புதன்

சாணை வேலை மட்டும் நான் பார்க்கிறேன். மூன்று கத்தி, ஒரு மண்வெட்டி. சாமி அரிவாள் பாதியில் மூலையில் சாய்ந்து நிற்கிறது. கட்டுப் பிரித்து இவர் குறடு பிடிப்பதற்குள் கொடை வந்துவிடும் போலிருக்கிறது. அதைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து வெளியே போய்விடுகிறார்.

ஏப்ரல் 6, திங்கள்

சொர்ணத்தோடு சண்டை. இனி அவள் கடை டீ எனக்கு வேண்டாம்.

பட்டறை வாசலில் ஒரு பனையேறியிடம் இவர் தட்ட மறந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சொர்ணம் டீ வடிகட்டுவதைப் பாதியில் போட்டுவிட்டு வந்து, என் தோளைப் பிடித்துத் திருப்பி, மூஞ்சிக்கு நேராக நின்று சொன்னாள். "அக்கா, நானும் வாய மூடிட்டு இருக்கணும்னுதான் பாத்தேன். முடியல. அவரு தட்டுனாரு. ரெண்டு மூணு தடவ தட்டுனாரு. டீயக் கொண்டுக்கிட்டு நான் வாசல்ல நின்னேன்."

இவளுடைய தம்பியை வேலைக்குச் சேர்க்கவில்லை அல்லவா, அந்தக் காய்ச்சல். அதையும் சொல்லிவிட்டேன். என் புருஷனே மறந்ததாகச் சொல்லும்போது இவள் யார் சாட்சி சொல்ல? அவள் பதிலுக்குச் சண்டை போட்டிருந்தால் மனசு ஆறியிருக்கும். போடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் அடுப்பைப் பார்த்தாள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் நாளைக்கு இல்லை என்று சாதித்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

சொர்ணம் சொன்னது முள் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. காலையில் இவரைப் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மோட்டார் போடவில்லை, ரோட்டில் பஸ்ஸும் இல்லை. சுத்தியலை இவர் வலது கையில் கொடுத்து, நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறேன், கல்லில் தட்டுங்கள், கேட்டதும் கையைத் தூக்குகிறேன் என்றேன். இவர் வேண்டாம் என்று தலையாட்டினார். நான் விடவில்லை.

சுவரில் மாட்டியிருந்த அரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். இந்த மனுஷன் இதைக்கூட உருப்படியாகச் செய்ய மாட்டாரா, சும்மா நின்று என் பொறுமையைச் சோதிக்கிறாரே என்று எரிச்சல் வந்து, திட்டுவதற்காகத் திரும்பினேன்.

சுத்தியல் கல்லின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. கல்லில் பட்டது. கல்மேல் கிடந்த கரித்தூள் துள்ளியது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. எங்கேயோ சாக்கு மூட்டையைப் போட்ட மாதிரி ஒரு தொம் மட்டும், அதுவும் கண்ணால் பார்த்ததால் கேட்டது போல இருந்தது.

இவர் சுத்தியலை அப்படியே கல்லின் மேல் விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "இன்னும் தட்டவே இல்லயேளா. அதுக்குள்ள ஏன் திரும்புத?"

நான் கேட்டேன், எத்தனை தடவை தட்டினீர்கள் என்று. மறுபடியும் கேட்டேன். "எண்ணல" என்றார்.

ஏப்ரல் 8, புதன்

இவர் தட்டியிருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை. நான்தான் அந்த விரலை நசுக்கினேன். நசுக்கிவிட்டு, வந்தவன் போனவன் எல்லாரிடமும் இவரைக் குற்றம் சொல்லியிருக்கிறேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆமாம் போட்டிருக்கிறார்.

மாசி மாசத்திலிருந்தே இவருக்குத் தெரிந்திருக்கிறது. மகளுக்கும் தெரிந்திருக்கிறது. சேவலைத் தவிர எல்லாருக்கும் தெரியும் போலிருக்கிறது. தலையாட்டியதும் சுத்தியலைத் தூக்கியதும் எதற்கென்று இப்போது புரிந்து என்ன செய்ய? ஏன் சொல்லவில்லை என்று கேட்டு இன்று காலை பாத்திரத்தைத் தூக்கிப் போட்டேன். நிதானமாக, எனக்குப் புரிகிற மாதிரி வாயைத் திறந்து பேசினார். "சொன்னா நீ சம்மட்டிய வச்சிருவ. வச்சிட்டா திரும்ப எடுக்க மாட்ட. அதுக்கப்புறம் எனக்கு எதிர்ல யாரு நிப்பா?"

அதற்காகக் கட்டைவிரலைக் கொடுப்பாரா ஒரு மனுஷன்? எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

சொர்ணம் கடைக்குப் போய் டீ கேட்டேன். அவள் ஒன்றும் கேட்காமல் கொடுத்தாள். நான் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்று மட்டும் சொன்னேன். சிரித்தாள். பல்லெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 16, வியாழன்

காது டாக்டர். பெரிய கூண்டுக்குள் உட்கார வைத்துச் சோதித்தார்கள். சம்மட்டிச் சத்தத்திலேயே நரம்பு தேய்ந்துபோனதாம். இனி வராது. அதே சத்தத்தைத்தானே இவரும் கேட்டார், இவருக்கு மட்டும் பாம்புக்காதாக இருக்கிறதே என்று கேட்டேன். ஆளுக்கு ஆள் மாறுமாம். எனக்கென்று வந்து மாறியிருக்கிறது.

மெஷின் கொடுத்தார்கள். வீட்டில் பரவாயில்லை, முப்பிடாதி பேச்சு புரிகிறது, சேவலும் கூவுகிறது. பட்டறையில் வைத்துக்கொண்டு ஒரு அடி அடித்துப் பார்த்தேன், மண்டைக்குள் இடி விழுந்தது. பட்டறைக்குள் போட்டுக்கொண்டால் மிச்சமிருப்பதும் போய்விடும் என்று டாக்டரும் சொல்லித்தான் அனுப்பினார். எனக்கு எங்கே வேண்டுமோ அங்கே மட்டும் அது ஆகாது.

ஏப்ரல் 27, திங்கள்

கட்டுப் பிரித்தார்கள். கட்டைவிரல் மடங்கவில்லை. குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறது. இனி இவ்வளவுதான் என்று டாக்டர் சொன்னதை இவர் எனக்குச் சொல்லவில்லை, நான் தள்ளி நின்று டாக்டர் வாயைப் பார்த்துப் படித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஆள் பட்டறைக்குள் போனார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குறட்டை எடுத்தார், இரும்பைப் பிடித்தார், நழுவி விழுந்தது. மறுபடி பிடித்தார். மறுபடியும் விழுந்தது. கட்டைவிரல் அழுத்தாவிட்டால் குறடு எதையும் பிடிக்காது. அப்புறம் குறட்டைத் துணியால் துடைத்து ஆணியில் மாட்டினார்.

வெளியே வந்து, நாளைக்குக் கொம்பையா வீட்டுக்குப் போய் வெற்றிலையைத் திருப்பிக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். பட்டறையைத் தென்காசிச் சித்தப்பா மகனுக்கு விட்டுவிடலாமாம். அவன் குறடு பிடிப்பான், மாசானம் சம்மட்டி பிடிப்பான். நாமிருவரும்? "நாம வீட்ல இருப்போம்" என்றார். இவரும் நானும் நாள் முழுக்க ஒரே வீட்டில் சும்மா இருந்தால் கொலைதான் விழும்.

ஏப்ரல் 28, செவ்வாய்

கத்திரிக்காய் நறுக்கும்போது தோன்றியது. இத்தனை நாள் தோன்றாமல் போனதற்கு என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும்.

தட்டுகிற சத்தம் யாருக்குக் கேட்க வேண்டும்? சம்மட்டிக்கு. குறடு பிடிக்கிற ஆளுக்குக் காது எதற்கு? சூட்டின் நிறம் பார்க்கக் கண்ணும், பிடிக்கக் கட்டைவிரலும் இருந்தால் போதும். எனக்கு இரண்டும் இருக்கிறது. சம்மட்டிக் காம்பை உள்ளங்கையால் பிடித்தால் போதும், கட்டைவிரல் மடங்கினாலென்ன, நீட்டிக்கொண்டு நின்றாலென்ன. இவருக்குக் காது பாம்புக்காது.

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினவரை மறித்துச் சொன்னேன். முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. குறட்டுப் பக்கம் எங்கள் குடும்பத்தில் எந்தப் பொம்பிளையும் உட்கார்ந்ததில்லை, அம்மா உட்காரவில்லை, ஆச்சி உட்காரவில்லை என்று இழுத்தார். அவங்க புருஷன்மாருக்கெல்லாம் கட்டைவிரல் இருந்தது என்றேன்.

இருவருமாகக் கொம்பையா வீட்டுக்குப் போனோம். அவர் துண்டை உதறி உதறிப் போட்டார். சுடலைக்கு வைக்கிற அரிவாள், பொம்பிளை குறடு பிடித்து அடித்தால் ஊர் என்ன சொல்லும் என்றார். எனக்கு மெஷின் காதில் இருந்ததால் எல்லாம் தெளிவாகவே கேட்டது. நான் பதில் சொல்வதற்குள் இவர் முந்திக்கொண்டார். "வெத்தல வாங்குனது நான். அடிக்கப் போறதும் நாந்தான். எங்க அடிக்கணும்னு காட்டுறது மட்டுந்தான் அவ." கொம்பையா யோசித்தார். வேறு பட்டறை பார்க்கவும் இனி நேரமில்லை. சரி, நல்லபடியாக முடித்தால் போதும் என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

மே 2, சனி

இந்த மனுஷனோடு முடியாது. முடியவே முடியாது.

நான் சுத்தியலால் ஒரு இடத்தைத் தொட்டால் இவர் வேறு இடத்தில் அடிக்கிறார். கேட்டால், அங்கே அடித்தால் கூனிவிடும் என்கிறார். நான் தட்டுவதற்கு முன்னாலேயே நிறுத்துகிறார். நான் தட்டின பிறகு, இன்னும் ஒன்று தேவை என்று தானாகவே ஒரு அடி போடுகிறார். என் கை அங்கே வரப்போகிற நேரத்தில். இவ்வளவு வருஷம் நான் சம்மட்டி பிடித்தேனே, ஒரு நாள் எனக்குத் தோன்றின இடத்தில் அடித்திருக்கிறேனா? அடித்திருந்தால் விட்டிருப்பாரா?

குறட்டைப் போட்டுவிட்டு எழுந்தேன். சம்மட்டி பிடிக்கிறவர் வாயும் பேசக் கூடாது, புத்தியும் பேசக் கூடாது, நான் காட்டுகிற இடத்தில் அடித்து, நான் தட்டினால் நிறுத்த வேண்டும், முடியாதென்றால் மாசானத்தைக் கூப்பிடுகிறேன் என்றேன். மாசானம் என்றதும் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

மே 6, புதன்

அரிவாளின் மூக்குப் பக்கத்தை உலையில் கூடுதல் நேரம் விட்டுவிட்டேன். வெள்ளையாகி மத்தாப்பு மாதிரி பொறி பறந்தது. எஃகு வெந்துவிட்டது. அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு வேறு எஃகுப் பட்டை சேர்த்துப் பற்ற வைக்க வேண்டியதாயிற்று. ஒரு நாள் வேலை பாழ்.

இவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு என் முகத்துக்கு நேராக வந்து, "சம்மட்டி பேசக் கூடாதுன்னு நீதான சொன்ன" என்றார். சரி, இனி சூடு மிஞ்சினால் மட்டும் பேசலாம் என்று அனுமதி கொடுத்தேன்.

மே 9, சனி

உள்ளங்கையெல்லாம் கொப்புளம். உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போகிறது. இந்த மனுஷன் செய்த இதையா இத்தனை வருஷம் சுகமான வேலை என்று நினைத்துப் பொறாமைப்பட்டேன்? இவருக்கோ தோள் வீங்கியிருக்கிறது. இருவரும் மாறி மாறித் தைலம் தேய்த்துக்கொண்டோம். இவர் ஏதோ முனகினார். முனகினால் எனக்குக் கேட்காது என்று இன்னும் மண்டையில் ஏறவில்லை. சத்தமாகச் சொல்லுங்கள் என்றேன். "ஒன் சம்மட்டி கனமா இருக்கு" என்றார்.

மே 13, புதன்

நாளைக்குத் தண்ணீரில் முக்கித் தோய்ச்சல், சாணை. அதற்கு மறுநாள் கொடை. இன்றைக்குக் கழுத்து வளைவு மட்டும் பாக்கி. மார்ச் மாசம் விரல் நசுங்கிய அதே கழுத்து. அதைத்தான் இருவரும் பேசாமல் கடைசி வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறோம்.

இரும்பை எடுத்துக் கல்லில் வைத்தேன். நல்ல சிவப்பு. நான் தொட்ட இடத்தில் இவர் அடித்தார். அடி ஒவ்வொன்றும் குறடு வழியாக என் தோள் வரைக்கும் ஏறியது. வளைவு சரியாக வந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு அடி போட்டால் இவர் கணக்குக்குச் சரி, என் கணக்குக்கு மிஞ்சிவிடும். இவர் அந்த ஒரு அடிக்குச் சம்மட்டியைத் தூக்கியாகிவிட்டது.

கல்லில் தட்டினேன். நான் தட்டுவது எனக்கே கேட்பதில்லை. பட்டது கைக்குத் தெரியும், ஆனால் இவருக்குக் கேட்கிற மாதிரிச் சத்தம் எழும்பியதா என்று எனக்கு எந்த வழியிலும் தெரியாது. நிமிர்ந்து இவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை நகர்த்தலாம் என்று ஒரு நொடி நினைத்தேன். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பார்த்துவிட்டு நகர்த்துகிறவள் குறட்டுப் பக்கம் உட்காரக் கூடாது. இவர் ஒரு நாளும் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை நகர்த்தியதில்லை. விரல் நசுங்கிய அன்றைக்குக்கூட, கையை நகர்த்தின பிறகுதான் பார்த்தார்.

தலையைக் குனிந்தபடியே இடது கையை முன்னால் கொண்டுபோனேன். குறட்டின் கழுத்தைப் பிடித்தேன். அதன் பிறகுதான் நிமிர்ந்தேன். சம்மட்டி இவர் தலைக்கு மேலேயே நின்றுகொண்டிருந்தது. கை இரண்டும் நடுங்கின, ஆனாலும் இறக்கவில்லை.

இரும்பைத் திருப்பிப் போட்டேன்.